'வந்த செய்தி'யும் 'வந்தார் என்னும் செய்தி'யும்

ஆங்கிலத்திலே ஒரு பெயர்ச்சொல்லை அடுத்துத் 'தட்' என்னும் சிறுசொல் நிற்க, அதன்பின் எழுவாயும் பயனிலையும் கொண்ட வசனமொன்று தொடர்ந்து, அப் பெயரின் உட்பொருளை விரித்துரைத்தல் பெருவழக்காகும். செய்தி, நம்பிக்கை, ஐயம், உண்மை, குற்றச்சாட்டு முதலிய பொருளுடைய ஆங்கிலப் பெயர்கள் இங்ஙனம் வசனத்தைத் தம் பின்னே ஏற்பன. தமிழில் இவ்வமைப்பு நிரைமாறி வரும். வசனம் முன்னும், 'என்னும்' அல்லது 'என்ற' என்பது இடையும், பெயர் ஈற்றிலும் நிற்க, 'ஆசிரியர் வந்தார் என்னும் செய்தி' என்றாகும். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் மாணாக்கர் முதலிற் கற்பது இந் நிரைமாற்றமே. பெரும்பாலார் அதனோடு அமைந்தும் விடுவர். ஆயின், இரு மொழிகளும் உண்மையில் வேறுபடும் இடம் இந் நிரையன்று. 'ஆசிரியர் வந்தார் என்னும் செய்தி' என்பதோடு 'ஆசிரியர் வந்த செய்தி' என்றும் தமிழிற் கூறலாம். 'தட்' கொண்டு கூறும் ஆங்கிலத்துக்கு இவ்விரண்டிடத்தும் ஒரே தொடர்தான் உண்டு. தமிழில் உள்ள இவ்விரண்டும் ஒரு பொருளனவா, அல்லவாயின் வேற்றுமை யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஆங்கில வழக்கை முதற்கண் நோக்குதல் தகும். அம்மொழியில் 'தட்' செய்யும் தொழில் இரண்டு. 'தம்பி சொன்ன செய்தி', 'தம்பி தேறினான் என்னும் செய்தி' ஆகிய இரண்டையும் அது 'செய்தி' என்னும் பெயரின்பின் 'தட்' வைத்தே கூறும். முன்னதில், சொல்லுதலாகிய வினைக்குச் செயப்படுபொருள் அச் செய்தியே. ஆதலின் 'தட்' என்பதன்பின் வரும் வசனம் செயப்படுபொருள் இன்றிக் குறைபட்டு நிற்கும். பின்னதில் வசனம் குறைவற்றது, அதுதானே செய்தி. இவற்றைப் பிரித்தறிதற்கு ஆங்கில இலக்கணகாரர் இரு சோதனைகள் கூறுவர். 'தட்' நின்ற இடத்தில் 'விச்' என்பதை வைத்தாற் பொருந்துமாயின் அது முன்னது. பெயருக்கும் வசனத்துக்கும் இடையே 'இஸ்' என்பதை இட்டு, 'செய்தி யாதெனில் தம்பி தேறினான் என்பதே' என்னும் பொருள்பட முழுவசனமாக்க இயலுமாயின் அது பின்னது. தமிழ் மாணாக்கனுக்கு இச் சோதனைகளின் உதவி அதிகம் வேண்டப்படாது. கருத்தைத் தமிழிற் கூறிப்பார்த்து, 'என்னும்' வந்து பொருந்துமாயின் பின்னது எனத் துணியலாம். ஆங்கிலம் ஒரு சொல்லுள் மறைத்துவைத்ததைத் தமிழ் வெளிப்படப் பிரித்துக் காட்டுகின்றது.

இவ்வமைப்பு இலக்கண நூல்களில் விதிக்கப்படுமாறன்றி, மக்களால் வழங்கப்படுமாறு யாது என்பதும் இன்று நன்கறியப்பட்டுள்ளது. ரண்டொல்ஃப் குவேர்க் 1959இல் தொடக்கிய ஆங்கில வழக்காய்வு, பேச்சும் எழுத்துமாகப் பத்து இலட்சஞ் சொற்களைத் திரட்டிற்று. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தினர் 1961இல் அச்சேறிய நூல்களிலும் பத்திரிகைகளிலுமிருந்து அத்துணைச் சொற்களையே தொகுத்து 1964இற் கணனிக்கு ஏற்றினர். பின்னர் 1999இல், டக்ளஸ் பைபர் முதலியோர், நான்கு கோடிச் சொற்களைக் கொண்ட தொகுதியை ஆராய்ந்து இலக்கணமொன்று வெளியிட்டனர். பெயரின்பின் 'தட்'வசனம் வருதல் நேர்முகப் பேச்சில் மிக அருகியது என்பதும், செய்திப் பத்திரிகைகளிலும் ஆய்வுரைகளிலும் பெருகியது என்பதும் அதனாற் பெறப்பட்டன. காரணம் எளிது. பேசுவோர் 'அவன் வருவான் என்று நம்புகிறேன்' என வினையாற் கூறுவர்; எழுதுவோரே 'அவன் வருவான் என்னும் நம்பிக்கை' எனப் பெயராக்கி, அதனைப் பிறிதொரு வசனத்துக்கு எழுவாயாக வைப்பர். இது தமிழுக்கும் ஒக்கும்.

இப் பெயர்களுள் மிகுதியாக வழங்குவது எது? 'ஃபாக்ட்' என்பதே. உண்மை, மெய்யாக நிகழ்ந்தது என்பன அதன் பொருள். ஆங்கிலேயர் பிறரினும் உண்மையை மிகுதியாக நாடுபவர் என்று இதனாற் கொள்ளற்க. ஆங்கிலத்து முன்னிடைச்சொற்கள் ஒரு பெயரைத் தழுவுமேயன்றித் 'தட்'வசனத்தை நேரே தழுவமாட்டா. ஏதோ ஓரிரண்டே புறநடை. ஆகவே 'காரணமாக', 'இருந்தும்', 'தவிர' என்னும் பொருள்தரும் சொற்களின்பின் ஒரு வசனத்தை வைக்க வேண்டியபோது, இடையிலே பிடிப்புக்கு ஒரு பெயர் தேவைப்படுகின்றது. அவ்விடத்துக்கு எப்பொழுதும் கிடைக்கும் பெயர் 'ஃபாக்ட்'. அங்கே அது பொருளுணர்த்த வருவதினும் கொக்கியாகவே வருகின்றது எனல் மிகையன்று. ஜேர்மானிய அறிஞர் ஹான்ஸ் யோர்க் ஷ்மிட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இத்தகைய பெயர்களை ஓட்டுக்கு ஒப்பிட்டார். யாழ்ப்பாண வழக்கிற் கூறின், இவை கோதுகள். உள்ளீடு பின்வரும் வசனத்திலேயே உள்ளது.

தமிழில் இக் கொக்கி வேண்டப்படுவதில்லை. வேற்றுமையுருபு தொழிற்பெயரின்மேல் நேரே ஏறும்: வந்ததனால், வந்தமையினால், வந்தமையை. 'இருந்தும்' என்ற பொருளுக்கு 'வந்தும்' என ஓர் உம்மையே போதும். இது நன்கு தெரிந்திருந்தும், மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லாற் பெயர்த்து, 'மழை பெய்தது என்ற உண்மையின் காரணமாக', 'அவர் நோயுற்றிருந்தார் என்ற உண்மை இருந்தபோதிலும்' என எழுதுகின்றனர். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின், தாய்மொழி வாயிலான போதனை படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு ஏற, விஞ்ஞானமும் வரலாறும் குடியியலும் விரைவிலே தமிழாக்கப்பட வேண்டியிருந்தன. அவ் விரைவில் நல்ல கலைச்சொற்கள் பல தோன்றின. கூடவே இத்தகைய வசனப் போக்கும் புகுந்தது. 'மழை பெய்தமையால்', 'நோயுற்றிருந்தும்' என்பன இரண்டு சொல்லளவில் முடிவன. 'உண்மை' என்னும் பெருஞ்சொல்லை இங்ஙனம் கொக்கியாக்கித் தேய்த்துவிடின், மெய்யாகவே ஓர் உண்மையை வலியுறுத்த வேண்டிய இடத்தில் அது வலியிழந்து நிற்கும்.

இனித் தமிழிலுள்ள இரு வடிவங்களுக்கு வருவாம் எனின், இலக்கணம் கூறுவதை முதலில் அறிதல் வேண்டும். பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்கள் அறுவகை எனத் தொல்காப்பியம் வினையியலிற் கூறுகின்றது: நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை. நன்னூலும் இவ்வாறினையே உடன்பட்டது. 'ஆசிரியர் வந்த ஊர்' என்பதில் நிலமும், 'ஆசிரியர் வந்த நாள்' என்பதிற் காலமும், 'வந்த ஆசிரியர்' என்பதில் வினைமுதலும் உள. 'ஆசிரியர் வந்த செய்தி' எதனுள் அடங்கும்? செய்தி வந்ததன்று, வருதற்குக் கருவியுமன்று, இடமும் காலமும் அல்ல. ஆறாவதாகிய 'வினை' ஒன்றே எஞ்சுகின்றது. அவ்வகைக்குச் சேனாவரையர் காட்டும் 'உண்ணும் ஊண்' என்பதில் ஊண் என்பது உண்ணுதலாகிய தொழில். அதுபோல 'வந்த செய்தி' என்பதிற் செய்தியும் வருதலாகிய நிகழ்வையே குறிக்கின்றது எனல் பொருந்தும். 'செய்தி' என்னும் சொல் பண்டு 'செய்கை' என்ற பொருளில் வழங்கியதென்பதும் இதற்குத் துணையாகும். நிகழ்ந்த செயலுக்கும் அதனைப் பற்றிய உரைக்கும் இம்மொழியில் ஒரு சொல்லே பெயராயிற்று.

'என்னும்' என்பதன் வழி வேறு. அதன் பகுதி 'என்' என்பது சொல்லுதற் பொருளது. 'ஆசிரியர் வந்தார் என்னும் செய்தி' எனின், 'ஆசிரியர் வந்தார்' என்று சொல்லுகின்ற செய்தி என்பதே அதன் பழம்பொருள். பெயரெச்சம் நிகழ்வைச் சுட்ட, 'என்னும்' உரையைச் சுட்டுகின்றது. 'என', 'என்று' ஆகியன வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என்னும் ஆறு பொருள்களில் வரும் எனத் தொல்காப்பிய இடையியல் பின்னர்ப் பரந்த வழக்கையும் தொகுத்துக் கூறிற்று. இப் பகுதிகளைச் சேனாவரையத்தோடு கற்க விரும்புவோர்க்கு யாழ்ப்பாணத்தார் இருவர் பெருந்தொண்டு புரிந்துள்ளனர். வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை, ஆறுமுக நாவலர் பரிசோதித்த சேனாவரையத்தை 1868இற் பதிப்பித்தார். புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளோடு கூடிய பதிப்பு 1938இல் சுன்னாகத்தில் வெளிவந்தது. ஆங்கிலக் கல்வியில் முதலிடம் பெற்றவர் ஒருவரே தொல்காப்பியத்தைத் தேடியெடுத்தார் என்பது இரு மொழியும் கற்பார் நினைவிற் கொள்ளத்தக்கது.

பெயர்களை இவ்விரு வடிவங்களோடும் வைத்துப் பார்ப்பின், எல்லாம் ஒருபடித்தாக நடவாமை விளங்கும். ஐயம், கருத்து, வதந்தி, வாதம், கொள்கை என்பன எண்ணத்தையும் சொல்லையும் குறிப்பன; இவை 'என்னும்' இன்றி வசனத்தை ஏற்கா. 'பூமி உருண்டையானது என்னும் கொள்கை' என்று கூறலாமேயன்றி 'பூமி உருண்டையான கொள்கை' எனின் கொள்கை உருண்டையாய்விடும். புலன்களுக்குப் புலனாவனவும் உடலிற் படுவனவும் இதற்கு மாறானவை: மழை பெய்யும் ஓசை, மீன் பொரிக்கும் மணம், வழி நடந்த களைப்பு. 'மழை பெய்கிறது என்னும் ஓசை' என ஒருவரும் கூறார். ஓசை எதையும் சொல்வதில்லை. வழி நடந்ததனால் வந்த வியர்வையை நடையோடு சேர்த்துப் பெயரெச்சத்தாற் கூறும் வழக்கைப் பழைய உரைகாரரும் எடுத்தாண்டனர். ஆங்கிலம் இவ் வகையில் 'தட்' என்பதை ஒழித்து 'ஒஃப்' என்பதைப் பெய்யும். தற்காலத் தமிழுக்கு இலக்கணம் வகுத்த தோமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட நூலில், பெயரை நிரப்பும் வசனங்கள் இவ்விரு வடிவத்தும் வருதலைத் தனியே எடுத்துப் பேசுகின்றார்.

இரண்டனையும் ஏற்பனவே சிந்தனைக்குரியவை. செய்தி, நிகழ்ச்சி, குற்றம், குற்றச்சாட்டு, முறைப்பாடு என்பன அவற்றுட் சில. 'ஆசிரியர் வந்தார் என்னும் செய்தி பொய்' என்பது இயல்பான வசனம். 'ஆசிரியர் வந்த செய்தி பொய்' என்பதோ, பேச்சில் ஒரோவழி கேட்கப்படினும், செவியில் இடறுகின்றது. ஏனெனில், 'வந்த' என்ற அளவிலே அவர் வந்தமை ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. பெயரெச்சத்தாற் கூறுவோன் நிகழ்வுக்குத் தானே சான்றாகின்றான். 'என்னும்' எனக் கூறுவோன், சொன்னவர் எவரோ அவர் தலையில் அதனை வைத்துத் தான் விலகி நிற்கின்றான். ஆங்கிலத்தில் இந்தப் பொறுப்புப் பெரும்பாலும் பெயர்ச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. 'ஃபாக்ட்' என்றால் உடன்பாடு, 'கிளெயிம்' என்றால் விலகல். தமிழில் அது பெயரிலும் உண்டு, பெயரையும் வசனத்தையும் இணைக்கும் முறையிலும் உண்டு.

இது வெறும் இலக்கண நுட்பம் என ஒதுக்கத்தக்கதன்று. செய்தித்தாளின் தலைப்பில் இடம் சுருங்கியது. அதனால், 'கொள்ளையிட்டார் என்னும் குற்றச்சாட்டில் இளைஞர் கைது' என வரவேண்டியது 'கொள்ளையிட்ட குற்றச்சாட்டில் இளைஞர் கைது' எனக் குறுகி அச்சாகின்றது. குறைந்தது ஈரெழுத்தோ ஒரு சொல்லோ மட்டும் அன்று. நீதிமன்றம் இன்னும் தொடாத வழக்கிலே தலைப்பு தீர்ப்பளித்துவிட்டது. 'குற்றச்சாட்டு' என்னும் பெயர் சற்றே காப்புத் தரினும், 'கொள்ளையிட்ட' என்னும் எச்சம் அக் காப்பைக் கிழித்துவிடுகின்றது. தீர்ப்பு வந்தபின் 'கொள்ளையிட்ட குற்றத்துக்காக' என எழுதுதல் தகும், அதற்குமுன் தகாது. 'கொள்ளையிட்டதான குற்றச்சாட்டு' என்னும் நடுவழி ஒன்றும் உண்டு. அஃது அழகிற் குறைந்ததாயினும் நீதியிற் குறைந்ததன்று.

அதே விலகல், இடம் மாறியவழி, புண்படுத்தவும் வல்லது. போர்க்காலத்தில் மகனைப் பறிகொடுத்த தாயொருத்தியின் முறைப்பாட்டை எழுதும் அலுவலர், 'மகன் பிடித்துச் செல்லப்பட்டார் என்னும் முறைப்பாடு' எனவே குறிப்பர். விசாரணைக்கு முன் அவர் அங்ஙனம் எழுதுதல் கடமை. தாயோ 'என்னும்' எனச் சொல்லாள். கண்முன் நிகழ்ந்ததற்கு அவளே சான்று. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்து 2018இல் இயங்கத் தொடங்கிய அலுவலகம் தமிழிற் 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்' எனப் பெயர்பெற்றது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கிய உறவினர், 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்னும் தொடரையே கையாள்கின்றனர். 'போன' என்பதற்கு வினைமுதல் போனவனே. 'ஆக்கப்பட்ட' என்பதற்கு ஆக்கியவன் ஒருவன் உளன். இரண்டும் எச்சத்தின் வழி வந்தனவே. இரண்டும் நிகழ்வை உறுதிப்படுத்துவனவே. எந் நிகழ்வை என்பதிலேதான் வழக்கு.

எதிர்காலத்தை நோக்கும் பெயர்களில் இன்னொரு நயம் உண்டு. 'கொழும்புக்குப் போகும் எண்ணம்', 'மருத்துவம் படிக்கும் ஆசை' என்பவற்றில் எண்ணுவோனும் போவோனும் ஒருவனே. ஆள் வேறாயின் 'மகன் மருத்துவம் படிக்கவேண்டும் என்னும் ஆசை' என வசனம் விரிந்து 'என்னும்' ஏற்கும். ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதுவே நிலை. ஆள் ஒன்றாயின் 'டு' என்பதோடு கூடிய வினையடியும், நம்பிக்கை போன்ற பெயர்களில் ஆள் வேறாயின் 'தட்'வசனமும் வரும். மாணாக்கர் இடர்ப்படுவது, தமிழில் ஆள் ஒன்றாயினும் 'தேறவேண்டும் என்னும் ஆசை' என்று கூறும் வழக்கு இருத்தலாலாகும். அதனைக் கண்டு ஆங்கிலத்திலும் 'தட்' இட்டு, 'வேண்டும்' என்பதற்கு ஒரு துணைவினையும் இட்டு எழுதிவிடுவர். முயற்சி என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயர்கள் 'தட்' என்பதை அறவே ஏற்கா என்பதையும் அவர்க்கு உணர்த்துதல் நன்று. கோரிக்கை, பிரேரணை என்பவற்றின் ஆங்கிலப் பெயர்கள் 'தட்' ஏற்குமாயினும், பின்வரும் வினை படர்க்கை ஒருமையிலும் 'எஸ்' இன்றி வெறும் வடிவில் நிற்றல் உண்டு. அந்த வெறுமையே தமிழின் 'வேண்டும்' செய்யும் தொழிலைச் செய்கின்றது. இதனைக் காட்டிக் கற்பிப்பின், பிழையெனக் கருதி 'எஸ்' சேர்க்கும் வழக்கம் ஓரளவு நீங்கும்.

ஆங்கிலத் 'தட்' சொல்லுதற் பொருளிற் பிறந்ததன்று. அது 'அது' எனச் சுட்டும் சொல்லிலிருந்து வளர்ந்தது என்பர்: 'அதை அறிவேன்: அவன் வந்தான்' என்றாற்போல இரு வசனமாய் இருந்தவை ஒன்றாய் இணைந்தன. ஆகவே ஆங்கிலேயன் உட்பொருளை விரலாற் சுட்டுகின்றான். தமிழன் அதனை வாயாற் சொல்லுகின்றான். அயலிலுள்ள சிங்களமும், வடமொழிக் குடும்பத்ததாயினும், தமிழின் வழியே நிற்கின்றது. சொல்லுதற் பொருளுடைய வினையிலிருந்து வந்த 'கியலா' அங்கே 'என்று' என்பதன் தொழிலையும், 'கியன' என்பது 'என்ற' என்பதன் தொழிலையும் ஆற்றுகின்றன. இலங்கையின் மாணாக்கர் இரு மொழியையும் ஒருங்கே கற்கும்போது, ஆங்கிலத்தைக் காட்டிலும் இவ்விடத்திற் சிங்களம் எளிதென உணர்வர்.

யாழ்ப்பாணப் பேச்சில் 'என்று' என்பது 'எண்டு' எனவும், 'என்ற' என்பது 'எண்ட' எனவும் ஒலிக்கும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 'நானாடகம்' முதலியவற்றில் இப் பேச்சைப் பேசுமாறே எழுதினார். பேச்சில் 'செய்தி' என்பதினும் மிகுதியாக வழங்குவது 'கதை'. 'அவன் வெளிநாட்டாலை வந்திட்டான் எண்ட கதை' என ஊரிலே ஒருவர் கூறுவாராயின், கேட்போர் உடனே 'ஆர் சொன்னது?' எனக் கேட்பர். 'அவன் வெளிநாட்டாலை வந்த கதை' எனக் கூறுவாராயின் அக் கேள்வி எழாது. கேட்போர் பாயை இழுத்துப்போட்டு அமர்வர். வந்தவன் எவ்வழியாக, எத்துணைப் பாடுபட்டு வந்தான் என்பது இனித்தான் சொல்லப்படப் போகின்றது.